ஆயிரவரில் பதினொருவர்: கொலஸ்திரோல் பற்றிய தமிழ் எழுத்தைக் குறித்து

விமர்சனம் என்றதும் கவிதை, சிறுகதை, நாவல் என்பனவற்றையே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயின் நம் மக்களுட் பெரும்பாலோர் ஆண்டு முழுவதும் வாசிப்பவை இவையல்ல. இரத்தப் பரிசோதனை அறிக்கை, மருந்துச் சீட்டு, பத்திரிகைகளின் சுகாதாரப் பகுதி, கைத்தொலைபேசி வழியே ஒருவர் மற்றவருக்கு அனுப்பும் அறிவுரை ஆகியவையே அவர்களது அன்றாட வாசிப்பு. அவற்றுக்கும் நடை உண்டு, சொல்லாட்சி உண்டு, எழுதுவோனின் நோக்கும் உண்டு. ஒரு நாவலைப் பிழையாக விளங்கிக்கொண்டவன் இழப்பது ஒரு மாலைப்பொழுதை. ஓர் அறிக்கையைப் பிழையாக விளங்கிக்கொண்டவன் தேவையற்ற மருந்தை முப்பதாண்டுகள் விழுங்கலாம். அல்லது தேவையான மருந்தை எறிந்துவிட்டு ஐம்பது வயதில் மனைவி மக்களை நிர்க்கதியாக விட்டுச் செல்லலாம். எனவே விமர்சகனின் கண் இப்பக்கமும் திரும்பவேண்டும் என்பதே எமது துணிபு.

கொலஸ்திரோல் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றை இங்கே பரிசீலனைக்கு எடுத்துக்கொள்கிறோம். குறிப்பாக, நோய் எதுவும் இல்லாத, மாரடைப்புக்கான ஆபத்தும் குறைவாகவே தோன்றுகின்ற ஒருவர், கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் குளிசையைத் தொடங்குவதா விடுவதா என்ற வினாவை அவ்வெழுத்துக்கள் எவ்வாறு கையாளுகின்றன என்று நோக்குவோம். கல்முனைக்குடியிலும் அதனை அடுத்த கரையோர ஊர்களிலும் நாற்பது வயதை எட்டிய படித்தவர் பலர் இன்று எதிர்நோக்கும் வினா இது.

42 வயதான பாடசாலை ஆசிரியர் ஒருவரைக் கருதுவோம். அவர் புகைப்பதில்லை. சீனி வருத்தம் இல்லை. குருதியமுக்கம் 122. யாரோ சொன்னதன் பேரில் இரத்தம் பரிசோதித்தார். மொத்தக் கொலஸ்திரோல் 215 மில்லிகிராம், அடர்த்தி குறைந்த கொழுப்புப்புரதம் 140 என்று அறிக்கை வந்தது. இரண்டு எண்களுக்கும் பக்கத்தில் 'அதிகம்' என்பதற்கான தடித்த குறி. அடுத்த நாள் ஆசிரியர் அறையில் ஒருவர், "நாளைக்கே குளிசையத் தொடங்குங்க சேர், இது சும்மா விடுற விசயமில்ல" என்கிறார். மற்றவர், "அதத் தொட்டா உட ஏலா சேர், கம்பனிக்காரன்ட யாவாரம் அது" என்கிறார். இருவரும் தாம் வாசித்ததையே திருப்பிச் சொல்கின்றனர். நம்முடைய விமர்சனத்துக்குரிய இரு எழுத்துமுறைகளும் இவ்விரு வாக்கியங்களுள் அடங்கிவிடுகின்றன.

முதலில் சொற்களை நோக்குவோம். 'நல்ல கொழுப்பு', 'கெட்ட கொழுப்பு' என்று எழுதாத சுகாதாரக் கட்டுரை தமிழில் அரிது. ஒழுக்கத்துக்குரிய அடைமொழிகளை உடலின் ஒரு பொருளுக்குச் சூட்டியதும் வாசகனின் சிந்தனை நின்றுவிடுகிறது. கெட்டதென்றால் ஒழிக்கவேண்டும், அதற்குமேற் கேள்வி எதற்கு? ஆயின் கொலஸ்திரோல் உயிரணுக்களின் சவ்வை ஆக்குவது. பல உட்சுரப்புக்களுக்கு மூலமானது. ஈரலே அதனை உற்பத்தி செய்கிறது. நாடிச்சுவரிற் படியும்போதுதான் அது தீங்காகிறது. எவ்வளவு இருந்தால், எவருக்கு, எத்தனை ஆண்டுகளில் தீங்கு என்பதே கேள்வி. அளவைப் பற்றிய வினாவைக் குணத்தைப் பற்றிய தீர்ப்பாக மாற்றிவிடுவது இவ்வெழுத்தின் முதற் குறை.

அறிக்கைத் தாளும் இக்குறைக்கு விலக்கன்று. 200க்கு மேல் என்றால் 25 வயதுப் பெண்ணுக்கும், புகைபிடிக்கும் 65 வயது முதியவருக்கும் அது ஒரே குறியை இடுகிறது. ஆனால் அவ்விருவருக்கும் அந்த எண் ஒரே பொருளைத் தருவதில்லை. தனிச்சொல்லுக்கு அகராதியிற் பொருள் இருக்கலாம். வாக்கியத்தில் வந்த பின்னரே அதன் உண்மைப் பொருள் துலங்கும் என்று வகுப்பில் நாம் கற்பிக்கிறோம். கொலஸ்திரோல் எண்ணும் அவ்வாறே. வயது, புகைத்தல், குருதியமுக்கம், நீரிழிவு, குடும்ப வரலாறு என்பனவே அது அமைந்த வாக்கியம்.

இனி, மருந்தின் வரலாற்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ரஷ்ய விஞ்ஞானி அனிச்கோவ் 1913இல் முயல்களுக்குக் கொலஸ்திரோலை ஊட்டி அவற்றின் நாடிகளில் படிவுகள் தோன்றுவதைக் காட்டினார். அமெரிக்காவின் பிரமிங்காம் நகரில் 1948இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, 5,209 பேரைத் தொடர்ந்து கவனித்து, கொலஸ்திரோலும் குருதியமுக்கமும் புகைத்தலும் மாரடைப்புக்கு முன்னோடிகள் என்று நிறுவியது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஆறாயிரம் அளவான பூஞ்சணங்களைச் சோதித்து, அரிசியில் வளரும் பச்சைப் பூஞ்சணம் ஒன்றிலிருந்து 1973இல் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 1987இல் இவ்வகை மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. 1994இல் வெளியான ஸ்கந்திநேவிய ஆய்வில், ஏற்கெனவே இதயநோய் கொண்ட 4,444 பேருட் குளிசை பெறாதோரில் நூற்றுக்கு 12 பேரும், பெற்றோரில் நூற்றுக்கு 8 பேரும் இறந்தனர். மாரடைப்பு வந்தவருக்கும், இதயநாடியில் அடைப்பு உள்ளவருக்கும் இம்மருந்து உயிர்காப்பது என்பதில் இன்று ஐயமில்லை. நமது வினா அவர்களைப் பற்றியதன்று.

ஆபத்துக் குறைந்தவர் நிலை என்ன? இங்கேதான் எண்களைச் சொல்லும் நடையில் ஒரு சூது புகுகிறது. 2016இல் வெளியான ஆய்வொன்று 21 நாடுகளைச் சேர்ந்த 12,705 பேரைக் கொண்டு நடத்தப்பட்டது. இதயநோய் இல்லாத, நடுத்தர ஆபத்துடையோர் அவர்கள். அவர்களுள் ஆசிய இனத்தாரும் பெருந்தொகையினர். ஐந்தரை ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், வெற்றுக் குளிசை பெற்றோரில் நூற்றுக்கு 4.8 பேர் மாரடைப்பு, பாரிசவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றுள் ஒன்றுக்கு ஆளாயினர். ரோசுவஸ்டாட்டின் பெற்றோரில் நூற்றுக்கு 3.7 பேர் ஆளாயினர். இதனை இருவிதமாகச் சொல்லலாம். 'ஆபத்து நூற்றுக்கு 24 பங்கு குறைந்தது' என்பது ஒன்று. 'நூறு பேரில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர் தப்பினர்' என்பது மற்றது. இரண்டும் உண்மை. ஆனால் முதலாவதே தலைப்பாகிறது, விளம்பரமாகிறது, மொழிபெயர்க்கப்பட்டு நமது பத்திரிகைகளை வந்தடைகிறது. எந்தத் தொகையில் 24 பங்கு என்பதைச் சொல்லாமல் விடுவது கணக்குப் பாடத்தில் பிழை; சுகாதாரக் கட்டுரையிலோ அது வழக்கமாகிவிட்டது.

அதே முடிவை நாம் இவ்வாறு எழுதுவோம்: ஆயிரம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். குளிசை இல்லாவிடில் 48 பேர் பாதிக்கப்படுவர். குளிசை எடுத்தால் 37 பேர் பாதிக்கப்படுவர். 11 பேர் தப்புவர். 37 பேருக்குக் குளிசை எடுத்தும் நோய் வரும். 952 பேருக்கு எடுக்காவிட்டாலும் அக்காலத்துள் வராது. அந்தப் 11 பேர் யாவர் என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. மேலும் அதே ஆய்வில், தசைவலி அல்லது தசைப்பலவீனம் கண்டோர் வெற்றுக் குளிசைக் கூட்டத்தில் ஆயிரவரில் 47. மருந்துக் கூட்டத்தில் 58. இங்கும் வேறுபாடு பதினொருவர். பதினொருவர் தப்ப, பதினொருவருக்குத் தசை நோகிறது. இரண்டையும் ஒரே தராசில் இட்டுச் சமன் என்று முடித்துவிடலாகாது. தசைவலி மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் நீங்கும். பாரிசவாதத்தில் விழுந்த கை எழும் என்பதற்கு உறுதி இல்லை. ஆனால் இரு எண்களையும் அருகருகே வைத்தாலன்றி வாசகன் நிறுத்துப் பார்க்க வழியில்லை.

நமது ஆசிரியரின் ஆபத்து இன்னும் குறைவானது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட, இலங்கையை உள்ளடக்கிய தென்கிழக்காசியாவுக்கான வண்ண அட்டவணையில் அவர் பச்சைக் கட்டத்தில், அதாவது பத்தாண்டுகளில் நூற்றுக்கு 5க்குக் குறைந்த ஆபத்தில் நிற்கிறார். அது நூற்றுக்கு 4 என்று கொண்டு, மருந்து காற்பங்கு குறைக்கும் என்று கணக்கிட்டால், அவரைப் போன்ற ஆயிரவரில் பத்தாண்டுகளில் 40 பேருக்கு வரவேண்டியது 30 பேருக்கு வரும். பத்துப் பேர் தப்புவர். இது எமது தோராயக் கணக்கு. ஆயினும் பத்தாண்டு நாள்தோறும் ஒரு குளிசை என்பதன் விளைவு எவ்வளவு என்பதை அவருக்கு இது தெளிவாகவே சொல்லும். பத்து உயிர் அற்பமென்று நாம் கூறவில்லை. அவர் அறிந்து தீர்மானிக்கட்டும் என்றே கூறுகிறோம்.

மறுதரப்பு எழுத்துக்கு வருவோம். 'இயற்கை', 'பாரம்பரியம்' என்ற பெயர்களில் வரும் இவ்வெழுத்து, கொலஸ்திரோலால் மாரடைப்பு வருவதென்பதே கட்டுக்கதை என்கிறது. ஸ்டாட்டின் என்றால் ஈரலும் தசையும் அழியும் என்கிறது. மருந்துக் கம்பனிகளின் இலாபவெறியை இது சாடும்போது நம்மவர் சிலர் மகிழ்ந்து போகின்றனர். இலாபம் பொய்யன்று. அட்டோவஸ்டாட்டினை ஒரே கம்பனி தன் வணிகப் பெயரில் விற்ற காலத்தில் ஈட்டிய விற்பனைத் தொகை 12,500 கோடி டொலரைத் தாண்டியது. ஆனால் ஒரு பொருளை விற்று ஒருவன் கொள்ளை இலாபம் அடைந்தான் என்பதால் அப்பொருள் நஞ்சென்று ஆகிவிடாது. அரிசி வியாபாரியும் கொள்ளை இலாபம் அடைகிறான். அதற்காக நாம் சோற்றை வெறுப்பதில்லை. முற்போக்காளன் செய்யவேண்டியது விஞ்ஞானத்தை அதன் உடைமையாளனிடமிருந்து பிரித்தறிவது.

பக்கவிளைவு பற்றிய மிகைக்கூற்று நம்மிடையே மட்டும் தோன்றியதன்று. 2013இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான கட்டுரைகள், ஸ்டாட்டின் எடுப்போரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பக்கவிளைவு வருவதாகக் கூறின. 2014இல் அந்த எண் பிழையென்று மீளப்பெறப்பட்டது. திருத்தம் தமிழுக்கு வரவில்லை. முதற் கூற்று மட்டும் இன்றும் உலாவுகிறது. 2020இல் லண்டனில் நடந்த ஒரு சிறு ஆய்வு மேலும் கவனத்துக்குரியது. பக்கவிளைவால் மருந்தை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டாட்டினும், சில மாதங்கள் வெற்றுக் குளிசையும், சில மாதங்கள் எதுவுமின்றியும் வழங்கினர். ஸ்டாட்டின் தந்த தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கை வெற்றுக் குளிசையும் தந்தது. அவர்கள் அனுபவித்த வலி பொய்யன்று. அந்த வலிக்குக் காரணம் பெரும்பாலும் அச்சம். அச்சத்தை விதைக்கும் எழுத்து உடலையும் நோகச் செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அதேவேளை உண்மையான தீங்கை மறைக்கவும் கூடாது. 255 பேர் நான்காண்டுகள் ஸ்டாட்டின் எடுத்தால் அவர்களில் ஒருவருக்கு மேலதிகமாக நீரிழிவு வருகிறதென்று 2010இல் வெளியான தொகுப்பாய்வு கணித்தது. வீட்டுக்கு ஒருவராவது 'சீனி' என்று சொல்லும் நமது பகுதியில் இந்த எண்ணை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. குளிசையை ஆதரிப்போருக்கு அது இடையூறு. எதிர்ப்போருக்கோ அது போதிய அளவு பயங்கரமானதன்று.

இவ்விரு தரப்புக்கும் மேலாக, எல்லை வகுப்போரின் எழுத்தும் விமர்சனத்துக்கு உரியதே. பிரித்தானியாவின் வழிகாட்டி 2014இல் எல்லையைப் பத்தாண்டுகளில் நூற்றுக்கு 20 என்பதிலிருந்து 10க்கு இறக்கியது. 2023இல், பத்துக்குக் கீழானவரும் அறிந்து விரும்பினால் மறுக்கலாகாது என்றது. வளம் குறைந்த நாடுகளுக்கென உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டிகளோ 20, 30 என்ற எல்லைகளைப் பேசின. நூற்றுக்கு 12 ஆபத்துள்ள ஒருவர் லண்டனில் இருந்தால் குளிசைக்கு உரியவர். கல்முனையில் இருந்தால் அல்லர். குருதி ஒன்றே, தீர்ப்பு இரண்டு. எல்லைக்கோடு விஞ்ஞானத்தால் மட்டும் வரையப்படுவதில்லை. திறைசேரியின் கையும் அதிற் படிகிறது. இதை ஒளிவின்றிச் சொல்வதே நேர்மை.

அட்டவணைக்கும் எல்லை உண்டு. அது குடும்ப வரலாற்றைக் கேட்பதில்லை. இடைச் சுற்றளவைக் கேட்பதில்லை. நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டோரை அறியாது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வின் தெற்காசியப் பகுதியில் இலங்கையரும் இடம்பெற்றனர். முதல் மாரடைப்பு வந்தோரின் சராசரி வயது தெற்காசியாவில் 53. பிற நாடுகளிலோ ஏறத்தாழ 59. ஆகவே வாப்பாவோ காக்காவோ ஐம்பது வயதுக்கு முன் மாரடைப்பில் மறைந்திருந்தால், பச்சைக் கட்டத்தை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது. அடர்த்தி குறைந்த கொழுப்புப்புரதம் 190ஐத் தாண்டியவரும், நாற்பது கடந்த நீரிழிவாளரும், ஏற்கெனவே மாரடைப்புக் கண்டவரும் 'குறைந்த ஆபத்து' என்ற பிரிவில் அடங்கார். அவர்களிடம் இக்கட்டுரையைக் காட்டி மருந்தை நிறுத்துமாறு எவரும் கூறலாகாது. பத்தாண்டுக் கணக்கு இளையவரை ஏமாற்றவும் கூடும். 42 வயதில் எண் சிறிதாயிருப்பது வயதின் சலுகை. எனவே இன்று 'வேண்டாம்' என்பது என்றென்றைக்கும் 'வேண்டாம்' ஆகாது. சில ஆண்டுகளில் மீண்டும் அளந்து பார்க்கவேண்டிய தீர்மானமே அது.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. பெரும்பகுதி உண்ணும் அளவைப் பேசுகிறது. இறுதியில்தான் மருத்துவன் வருகிறான். அவனும் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை ஆராய்ந்த பின்பே செயற்பட வேண்டியவன். அளவே அங்கு மையக் கருத்து. அத்தகைய மரபுக்கு உரிமை கொண்டாடும் நாம், அளவை நீக்கிவிட்டு அச்சத்தையும் ஆறுதலையும் மட்டும் எழுதிக்கொண்டிருப்பது வெட்கத்துக்குரியது.

இதுவரை பேசியது ஆசிரியர் ஒருவரின் சிக்கல். பணம் கொடுத்து இரத்தம் பரிசோதிக்கவும், இரண்டாம் அபிப்பிராயம் கேட்கவும், கட்டுரை வாசித்துக் கலங்கவும் வசதி உள்ளவர் அவர். அதே ஒழுங்கையின் கடற்பக்கத்து வீட்டில் 54 வயதான மீனவர் ஒருவர் இருக்கலாம். பீடி புகைக்கிறார், புகையிலையுடன் வெற்றிலை போடுகிறார், குருதியமுக்கம் என்னவென்று ஒருநாளும் அளந்ததில்லை. அட்டவணையில் வைத்தால் அவரது கட்டம் பச்சையாக இருப்பது அரிது. குளிசையால் மெய்யாகப் பயன்பெறக்கூடியவர் அவரே. அவருக்கு யாரும் கட்டுரை எழுதுவதில்லை. ஆபத்துக் குறைந்தவன் மருந்தைப் பற்றி விவாதிக்க, ஆபத்து மிகுந்தவன் மருந்தின் பெயரையே அறியாதிருப்பதுதான் இந்த வினாவின் உள்ளே கிடக்கும் சமூக முரண்பாடு.

இதனைத் தீர்க்க நாட்டில் வழியில்லாமலில்லை. பேராசிரியர் சேனக பிபிலேயும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சமர்ப்பித்த அறிக்கையை அடுத்து 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. கம்பனிப் பெயர்களை விடுத்து மருந்தின் பொதுப் பெயரால் வாங்குவதும், உண்மையில் தேவையானவற்றை மட்டும் இறக்குமதி செய்வதும் அதன் அடிப்படைக் கொள்கை. 1977இல் பிபிலே மறைந்த பின் அக்கொள்கை நலிவுற்றபோதும், அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் குளிசை கிடைப்பதில் அதன் தடம் இன்றுமுண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அதன் அருமையை நாம் உணர்ந்தோம். தொற்றா நோய்களை முன்கூட்டிக் கண்டறியும் அரச நிலையங்களும் 2011 முதல் இயங்குகின்றன. ஆனால் அங்கு வருவோரில் ஆண்கள் குறைவு. கடலுக்குப் போகிறவனும் வயலுக்குப் போகிறவனும் அலுவலக நேரத்தில் வரிசையில் நிற்கமாட்டான். பரிசோதனைதான் அவனைத் தேடி வாடிக்கும் வயலுக்கும் பள்ளிவாசல் முற்றத்துக்கும் செல்லவேண்டும்.

ஆங்கில மருத்துவ அறிஞர் ஜெப்ரி ரோஸ் 1985இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒருவன் ஏன் நோயுற்றான் என்பது ஒரு கேள்வி. ஒரு சமூகம் முழுவதும் ஏன் நோயுற்றிருக்கிறது என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்குக் குளிசை விடையாகலாம். இரண்டாவதற்கு ஆகாது. தேநீரில் இடும் சீனியின் அளவு, கறியில் இடும் உப்பு, விருந்துச் சகனின் பங்கு, பெண்கள் அச்சமின்றி மாலையில் நடக்க ஒரு பாதை, சிறுவர் விளையாட நிழலுள்ள ஒரு திடல் என்பன இரண்டாம் கேள்விக்குரிய விடைகள். 'உடற்பயிற்சி செய்க' என்று எழுதும் பேனா, வீட்டோடு வீடு ஒட்டிய கல்முனைக்குடியின் ஒழுங்கையில் ஒரு தாய் எங்கே நடப்பாள் என்றும் எழுதவேண்டும்.

நமது முடிவு இதுதான். ஆபத்து மெய்யாகவே குறைவாயின், குளிசை எடுக்காதிருப்பது பொறுப்பின்மையன்று, எடுப்பதும் மடமையன்று. முதலில் புகையும் உப்பும் சீனியும் குறையட்டும், குருதியமுக்கம் அளக்கப்படட்டும், குடும்ப வரலாறு கேட்கப்படட்டும், சில மாதங்களில் இரத்தம் மீண்டும் பரிசோதிக்கப்படட்டும். அதன்பின் வைத்தியரிடம் ஒரு கேள்வியைத் தவறாது கேட்கவேண்டும்: "என்னைப் போன்ற ஆயிரம் பேரில், இதை எடுத்தால் எத்தனை பேர் தப்புவர், எத்தனை பேருக்குத் தொல்லை வரும்?" இக்கேள்விக்கு விடைதரும் வைத்தியரே நம் நம்பிக்கைக்குரியவர். இக்கேள்வியை எழுப்பாத கட்டுரை, எத்தரப்பில் நின்று எழுதப்பட்டாலும், வாசகனை மதிக்காத கட்டுரை.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. விகிதமும் பின்னமும் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும் பாடங்களல்ல. அடுத்த வீட்டு மீனவரின் கையிலுள்ள சீட்டை அவரோடு அமர்ந்து வாசித்து, அதிலுள்ள எண்ணை ஆயிரம் மனிதராக மாற்றிச் சொல்ல நம்மால் இயலும். கற்ற கல்வி அந்த வாசிப்புக்கு உதவாவிடில், நாம் கற்றதனால் ஊருக்கு என்ன பயன்?